சாட்டிலைட் இணையத்தில் பெரிய ஃபைல் அனுப்புவது எப்படி

2017-ல் போர்ட் பிளேரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுத்தேன். அப்போது அந்தமானுக்குக் கடலடி கேபிள் வரவில்லை. கடைக்குள் வருவது சாதாரண வயர்தான் என்றாலும், தீவை விட்டு வெளியே போகும் டேட்டா செயற்கைக்கோளில் ஏறித்தான் போயாக வேண்டும். ஒரு கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அவர்களுக்குச் சின்ன அளவில் 1,100 படங்களை அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் 200 கே.பி., மொத்தம் 220 எம்.பி. அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ். கணக்குப்படி கால் மணி நேர வேலை. எஃப்டிபியில் (ஃபைல்களை ஒவ்வொன்றாக அனுப்பும் பழைய முறை) போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு படத்துக்கான பச்சைக் கோடு ஒரு நொடியில் நிறைந்துவிடுகிறது. அப்புறம் மூன்று நொடி எதுவுமே நடப்பதில்லை. அடுத்த படம் ஒரு நொடி, மறுபடி மூன்று நொடி சும்மா. லைன் மெதுவாக இல்லை, லைன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதே ஃபோல்டரை ஒரே ஜிப்பாக்கி அனுப்பினேன், பதினேழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த மூன்று நொடியைச் சுற்றித்தான். 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னை–அந்தமான் கேபிள் திறக்கப்பட்ட பிறகு அந்த ஊரில் இந்தச் சிக்கல் தீர்ந்தது (ஊரின் பெயரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, நான் பழக்கத்தில் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்). ஆனால் கப்பலில் இருப்பவர்கள், காட்டுக்குள்ளும் மலை மேலும் வேலைத்தளம் வைத்திருப்பவர்கள், ஃபைபர் எட்டாத எஸ்டேட்டில் குடியிருப்பவர்கள் எல்லாம் இன்றும் டிஷ்ஷை நம்பித்தான் இருக்கிறார்கள். கேபிள் இருக்கும் ஊருக்கே ஒரு நாள் இது தேவைப்படலாம்: 2022 ஜனவரியில் டோங்காவில் எரிமலை வெடித்துக் கடலடி கேபிள் அறுந்தபோது, ஒரு மாதத்துக்கும் மேல் அந்த நாடு செயற்கைக்கோளை வைத்துத்தான் வெளியுலகத்தோடு பேசியது.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டு மாடியில் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் டிஷ் என்றால் அது புவிநிலைச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே இறங்க ஏறக்குறைய 72,000 கிலோமீட்டர், பதில் அதே வழியில் திரும்பி வர இன்னொரு 72,000. ஒளியின் வேகத்திலேயே போனாலும் இதற்கு 0.48 நொடி ஆகும். மோடமும் தரைநிலையமும் (செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் டேட்டாவை இணையத்தோடு இணைக்கும் இடம்) எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்தால் நடைமுறையில் 0.6 நொடிக்கு மேல்தான். எவ்வளவு பணம் கட்டினாலும், எவ்வளவு பெரிய பிளான் எடுத்தாலும் இந்த 0.6 குறையாது. கம்பெனிக்காரர் 20 எம்பிபிஎஸ் தருகிறேன், 50 எம்பிபிஎஸ் தருகிறேன் என்பது குழாயின் அகலத்தைத்தான், குழாயின் நீளம் அப்படியேதான் இருக்கும்.

எஃப்டிபியில் ஒரு ஃபைல் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நான்கைந்து முறை பேசிக்கொள்ள வேண்டும்: எந்த போர்ட்டில் அனுப்ப, சரி இதில் அனுப்பு, இணைப்பு போட்டாயிற்றா, போட்டாயிற்று, இதோ ஃபைல், வந்துவிட்டது. ஐந்து முறை பேச 0.6 வீதம் மூன்று நொடி. 1,100 படத்துக்கு 3,300 நொடி, அதாவது 55 நிமிடம், ஒரு பைட்டும் நகராமல் வெறும் பேச்சிலேயே போய்விடுகிறது. அன்று ஸ்டுடியோவில் நடந்தது இதுதான்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் இரண்டு பேருமே டிஷ் வைத்திருந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான விசாட் (சின்ன டிஷ் வைத்த சாட்டிலைட் இணைப்பு) அமைப்புகளில் ஒரு டிஷ் இன்னொரு டிஷ்ஷோடு நேரடியாகப் பேசாது, எல்லாம் நடுவில் இருக்கும் தரைநிலையத்துக்கு வந்துதான் போகும். உங்கள் டேட்டா மேலே ஏறி, தரைநிலையத்தில் இறங்கி, மறுபடி மேலே ஏறி, அடுத்தவர் டிஷ்ஷில் இறங்கும். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவருக்கு அனுப்பினாலும் ஒரு வழிக்கு 1,43,000 கிலோமீட்டர், கேள்விக்குப் பதில் வர 1.2 நொடி. இப்படிப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவில் நேரடியாக ஃபைல் பகிர நினைக்கவே வேண்டாம், அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்

வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை வயரில் மோடத்தோடு இணையுங்கள். ஒரு நூறு பிங் (ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் கட்டளை) விடுங்கள், காலையில் ஒரு முறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு முறை. சராசரியை மட்டும் பார்க்காமல் மிகக் குறைவானதற்கும் மிக அதிகமானதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 600 முதல் 680 மில்லிநொடிக்குள் நின்றால் நல்ல லைன். ராத்திரி எட்டு மணிக்கு 600-க்கும் 1,500-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடினால், அந்த நேரத்தில் உங்களோடு சேர்ந்து நிறையப் பேர் அதே பீமில் (செயற்கைக்கோள் ஒரு பகுதிக்கு அனுப்பும் கதிரில்) இருக்கிறார்கள் என்று அர்த்தம், பெரிய ஃபைலை அப்போது தொடக்கூடாது.

அப்லோடு வேகத்தை ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் பார்ப்பதை விட, 50 எம்.பி. ஜிப் ஒன்றை நிஜமாகவே அனுப்பி நேரம் பாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது, உங்கள் புரோகிராம் ஒன்றே ஒன்றைத்தான் திறக்கும், அதனால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு, எட்டால் வகுக்க மறக்காதீர்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் 1 ஜி.பி. அனுப்ப 67 நிமிடம். அதுவும் லைன் ஒரு நொடி கூடச் சும்மா இருக்காவிட்டால்தான்.

அப்லோடு ஏன் டவுன்லோடை விட இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டவுன்லோடு என்பது ஒரு பெரிய தரைநிலைய ஆன்டெனா எல்லோருக்கும் பொதுவாகப் பேசுவது, நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும். அப்லோடில் ஆயிரக்கணக்கான சின்ன டிஷ்கள் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் கேட்காது, அதனால் ஒவ்வொரு மோடமும் முதலில் "எனக்கு இவ்வளவு அனுப்ப இருக்கிறது" என்று மனுப் போட்டு, தரைநிலையம் ஒதுக்கும் நேரத்துண்டில்தான் பேச முடியும். அந்த மனுவும் அதே 72,000 கிலோமீட்டர் போகத்தான் வேண்டும். போதாததற்கு உங்கள் டிஷ்ஷின் டிரான்ஸ்மிட்டர் ஒரு சில வாட்தான். ஆக, அப்லோடு இந்தத் தொழில்நுட்பத்தின் மெலிந்த பக்கம், ஃபைல் பகிர்வதோ முழுக்க முழுக்க அப்லோடை நம்பிய வேலை.

சின்ன ஃபைல்களை மூட்டை கட்டுங்கள்

இதை மட்டும் செய்தாலே பாதிச் சிக்கல் தீரும். எத்தனை ஃபைல் இருந்தாலும் ஒரே ஜிப் அல்லது டார். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப்பில் போட்டாலும் அளவு குறையாது. பரவாயில்லை, நாம் சுருக்குவதற்காகக் கட்டவில்லை, பேச்சைக் குறைக்கக் கட்டுகிறோம். சுருக்கும் அளவை பூஜ்யத்தில் வைத்தால் சீக்கிரமே கட்டி முடிந்துவிடும். கணக்குப் புத்தகம், லாக் ஃபைல், எக்ஸெல், கேட் (CAD) வரைபடம் மாதிரியானவற்றுக்கு நேர்மாறு, அவற்றை 7-ஜிப்பில் அதிகபட்சச் சுருக்கத்தில் போடுங்கள், சில சமயம் பத்தில் ஒரு பங்கு கூட ஆகும்.

இமெயிலில் இணைப்பாக அனுப்புவதைத் தவிருங்கள். இணைப்பை எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் அனுப்புகிறது, அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்.பி. ஃபைல் 20 எம்.பி. ஆகப் போகும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யாது.

விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டரை விபிஎன் (டேட்டாவைப் பூட்டி அனுப்பும் தனிப்பாதை) வழியாக டிஷ்ஷுக்கு அந்தப் பக்கம் திறப்பது இன்னொரு பெரிய தப்பு. ஆபீஸில் ஒரே மாடிக்குள் இருக்கும் நெட்வொர்க்குக்காக உருவான முறை அது, ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போதே ஒவ்வொரு ஃபைலைப் பற்றியும் தனித்தனியாக விசாரிக்கும். ஒரு வேலைத்தளத்தில் எஞ்சினியர் ஒருவர் தலைமை அலுவலகத்தின் ஷேரில் இருந்த எக்ஸெல்லை இரட்டை கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்வருவார், வந்த பிறகும் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபைல் 400 கே.பி.தான். ஃபைலை முதலில் இந்தப் பக்கம் காப்பி செய்து, இங்கேயே திறந்து வேலை செய்து, முடிந்ததும் திருப்பி அனுப்புங்கள் என்றேன், அதற்குப் பிறகு புகாரே இல்லை. இதைத் தானாகச் செய்ய சிங்க்திங் மாதிரி இரண்டு பக்க ஃபோல்டரையும் ஒன்றுபோல் வைக்கும் புரோகிராம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பெரிய ஃபைலும் ஏன் மெதுவாகப் போகிறது

மூட்டை கட்டிவிட்டோம், இப்போது ஒரே ஒரு 2 ஜி.பி. ஃபைல். அதுவும் ஏன் வேகம் எடுக்கவில்லை? டிசிபி என்கிற முறையில் அனுப்புகிறவர் ஒரு குறிப்பிட்ட அளவு வரைதான் பதில் வராமல் அனுப்பலாம், அதற்கு மேல் "வந்துவிட்டது" என்ற பதிலுக்காக நிற்க வேண்டும். பழைய முறையில் அந்த அளவின் உச்சம் 64 கே.பி. 0.6 நொடிக்கு ஒரு முறை 64 கே.பி. என்றால் வேகம் 0.87 எம்பிபிஎஸ், லைன் 20 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் சரி, 200-ஆக இருந்தாலும் சரி. இந்த உச்சத்தை உயர்த்தும் வழி 1992-லேயே வந்துவிட்டது, இன்றைய விண்டோஸும் லினக்ஸும் தானாகவே உயர்த்திக்கொள்ளும். ஆனால் பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்த ஹார்ட் டிஸ்க்), சிசிடிவி டிவிஆர், பத்து வருடத்துக்கு முந்தைய எஃப்டிபி புரோகிராம் இவையெல்லாம் இன்னமும் சின்ன அளவிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வேகம் என்ன செய்தாலும் 0.8 அல்லது 0.9 எம்பிபிஎஸ்ஸில் போய் முட்டிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். புரோகிராமை மாற்றுங்கள், அல்லது ஃபைலைத் துண்டாக்கி நான்கு இணைப்பில் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். நான்கிலிருந்து ஆறு போதும், முப்பது வைத்தால் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும்.

டிசிபி எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கிளம்பாது என்பதும் உண்டு. சுமார் 14 கே.பி.யில் தொடங்கி, பதில் வர வர இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். 20 எம்பிபிஎஸ் லைனை நிரப்ப 1.5 எம்.பி. வரை ஏற வேண்டும், அதற்கு ஏழு இரட்டிப்பு, நான்கு நொடிக்கு மேல். ஃபைபரில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இங்கே 2 எம்.பி. ஃபைல் என்றால் வேகம் எடுப்பதற்குள் ஃபைலே முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு பாக்கெட் (டேட்டாவை வெட்டி அனுப்பும் சின்னத் துண்டு) தொலைந்தால் இன்னும் கஷ்டம், ரீனோ என்ற பழைய டிசிபி வேகக் கட்டுப்பாட்டு முறையில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம்தான் ஏறும், இந்த லைனில் பழைய வேகத்துக்குத் திரும்ப ஐந்து நிமிடம் பிடிக்கும். இன்றைய கியூபிக் முறை இதைவிடப் பரவாயில்லை. லினக்ஸ் சர்வர் உங்கள் கையில் இருந்தால் அனுப்பும் பக்கத்தில் கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் முறையைப் போட்டுப் பாருங்கள், தொலைந்த பாக்கெட்டைப் பார்த்து உடனே பயந்து வேகத்தைக் குறைக்காது.

இந்தக் குறையைச் சரிக்கட்ட சாட்டிலைட் மோடமுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்கு "வந்துவிட்டது" என்ற பதிலை மோடமே உடனுக்குடன் கொடுத்துவிடும், டேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு தன் சொந்த முறையில் மேலே அனுப்பும். நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. ஆனால் விபிஎன் போட்டால் டிசிபியே பூட்டிய பெட்டிக்குள் போய்விடுகிறது, மோடமுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, உதவி செய்யவும் முடியாது. விபிஎன் போட்டதும் வேகம் கால்வாசியாகக் குறைகிறது என்று புலம்புகிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஃபைலையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, எஸ்எஃப்டிபி அல்லது எச்டிடிபிஎஸ் வழியாக விபிஎன் இல்லாமல் அனுப்புங்கள். அவையும் பூட்டித்தான் அனுப்புகின்றன, ஆனால் டிசிபியின் மேலுறையை மறைப்பதில்லை, மோடம் உதவ முடிகிறது. பிரவுசர் வழியாக கிளவுடில் ஏற்றும்போது வேகம் விசித்திரமாகக் குறைவாக இருந்தால் பிரவுசர் அமைப்பில் குயிக் என்ற முறையை அணைத்துவிட்டு ஒரு முறை முயன்று பாருங்கள், அதுவும் மோடமின் கண்ணுக்கு மறைந்தே போகிறது.

அறுந்தால் தொடரும்படி வையுங்கள்

மழை. இதற்கு மருந்தில்லை. கேயூ பேண்டு என்ற அலைவரிசையும் அதைவிட மேலே உள்ள கேஏ பேண்டும் மழைத்துளியில் கரைந்துவிடும், பழைய சி பேண்டு பெரிய டிஷ் கேட்டாலும் மழையைத் தாங்கும். தூறலுக்கு மோடம் தானாகவே நிதானமான முறைக்கு இறங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டு லைனைப் பிடித்துவைத்திருக்கும், ஐப்பசி அடைமழை வந்தால் முழுசாகவே போய்விடும். உங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தும் லைன் செத்துக் கிடந்தால் தரைநிலையம் இருக்கும் ஊரில் மழை கொட்டுகிறதா என்று விசாரியுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, நம் பக்கங்களில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும், சில நாட்களுக்குத் தினமும் சில நிமிடம் லைன் போகும். இது பழுதல்ல, டிஷ்ஷைத் திருகி வைக்காதீர்கள்.

ஆகவே அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும் எந்த முறையும் வேண்டாம். ஆர்சிங்க் என்ற ஃபைல் அனுப்பும் புரோகிராம் எனக்குப் பிடித்தது: பாதியில் நின்ற ஃபைலை வைத்துக்கொள்ளும் தேர்வைப் போட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும், பழைய பதிப்பு அந்தப் பக்கம் இருந்தால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மாதா மாதம் 800 எம்.பி. கணக்கு டேட்டாபேஸ் அனுப்பும் இடத்தில் இதனால் சில பத்து எம்.பி.யில் வேலை முடிந்திருக்கிறது. ஆனால் டேட்டாபேஸைச் சுருக்கிப் பூட்டிய பிறகு ஆர்சிங்க்குக்குக் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது, ஒரு வரி மாறினாலும் ஜிப் மொத்தமும் மாறிவிடும்.

கிளவுடில் ஏற்ற ஆர்குளோன் என்ற புரோகிராமைப் பயன்படுத்தினால் துண்டின் அளவை மட்டும் கவனியுங்கள். கூகுள் டிரைவ் மாதிரி இடங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் அடுத்தது போகும். 256 கே.பி. துண்டு 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு நொடியில் போகும், பிறகு 0.6 நொடி காத்திருப்பு, நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். 8 எம்.பி. துண்டு அரை நிமிடம் ஓடும், அங்கே 0.6 ஒரு பொருட்டே இல்லை. அதற்காக 256 எம்.பி. வைத்தால் மழையில் அறுந்தால் அந்தத் துண்டு முழுக்க மறுபடி. 8 முதல் 32 எம்.பி.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன் ஷா-256 எண்ணை (ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்துக் குறித்து, வாங்குகிறவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரிய ஃபைலை 100 எம்.பி. துண்டுகளாக வெட்டி அனுப்பினால் ஒரு துண்டு கெட்டாலும் அதை மட்டும் மறுபடி அனுப்பலாம். பல பேருக்கு ஒரே ஃபைலை அனுப்புவதாக இருந்தால் பார்2 என்ற மீட்பு ஃபைல்களையும் பத்து சதவீதம் அளவுக்குச் சேர்த்துவிடுவது என் பழக்கம், அந்தப் பக்கம் ஏதாவது குறைந்தால் திருப்பிக் கேட்காமலே சரிசெய்துகொள்வார்கள்.

டாரன்ட்

டிஷ் லைனில் டாரன்ட் போடுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முடிந்தால் போடாதீர்கள். ஒரே ஃபைலைப் பலரிடமிருந்து பகுதி பகுதியாக வாங்கும் முறையான டாரன்ட், சின்னச் சின்ன உரையாடல்களின் கூட்டம். ஃபைலை 16 கே.பி. துண்டுகளாகக் கேட்டு வாங்கும். ஒருவரிடம் ஒரே நேரத்தில் ஐந்து துண்டு கேட்டுவைக்கும் பழைய கிளையன்ட் (டாரன்ட் புரோகிராம்) 0.6 நொடிக்கு 80 கே.பி.தான் வாங்கும், ஒருவரிடமிருந்து 1.1 எம்பிபிஎஸ் தாண்டாது. அதை ஈடுகட்ட நூற்றுக்கணக்கான பேரோடு இணைப்புப் போடும், ஒவ்வொரு இணைப்பும் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவே அப்லோடைத் தின்னும். டிசிபிக்குப் பதில் யூடிபி வழியாகப் போகும் டாரன்ட்டின் சொந்த முறை, தாமதம் 100 மில்லிநொடி கூடினாலே நெரிசல் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். டிஷ் லைனில் நெரிசல் இல்லாமலே தாமதம் அந்த அளவுக்கு ஆடும், அதனால் காலி லைனிலும் தவழும்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான ஃபைல்) மாதிரி டாரன்ட்டில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளையன்ட் அமைப்பில் டிசிபி மட்டும் என்று மாற்றுங்கள், மொத்த இணைப்பை 40–50-க்கு இறக்குங்கள், அப்லோடை நீங்கள் அளந்த வேகத்தில் பாதிக்கு மேல் போகாமல் கட்டுங்கள். கட்டாவிட்டால் டவுன்லோடுக்கான "வந்துவிட்டது" பதில்கள் அந்த அப்லோடு வரிசையில் மாட்டிக்கொண்டு டவுன்லோடும் படுத்துவிடும். சீடிங்கை (வாங்கி முடித்த ஃபைலை மற்றவர்களுக்குக் கொடுப்பதை) டிஷ்ஷுக்குப் பின்னால் இருந்து செய்வது யாருக்கும் உதவாது. தரையில், ஏதாவது டேட்டா சென்டரில் ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து அங்கே டாரன்ட்டை ஓடவிட்டு, முடிந்த ஃபைலை மட்டும் அங்கிருந்து ஒரே இணைப்பில் இழுத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து உங்களை யாரும் எட்ட முடியாது

வீட்டில் நாஸ் வைத்துக்கொண்டு, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நாஸுக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) செய்துவிட்டு, நண்பர்களுக்கு லிங்க் கொடுத்தால் திறக்கவில்லை என்கிறார்கள். ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்குச் சொந்த முகவரி இல்லை, நூற்றுக்கணக்கான பேரோடு ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள், ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஐபிவி6 (பகிராமல் சொந்த முகவரி தரும் புதிய முறை) கிடைத்தால், எதிர்ப்பக்கமும் வைத்திருந்தால், அதில் நேரடியாகப் போகலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று இருவரையும் இணைத்துவைக்கும், ஆனால் அது விபிஎன், மேலே சொன்ன மோடம் உதவி போய்விடும்.

நான் செய்வது வேறு. இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசவே விடுவதில்லை. தரையில் ஒரு சர்வர், அனுப்புகிறவர் தன் நேரத்துக்கு அங்கே ஏற்றிவிடுவார், வாங்குகிறவர் தன் நேரத்துக்கு இறக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் டிஷ் என்றால் 1.2 நொடி 0.6 ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் மழை பெய்தாலும் மறுபக்கம் வேலை நிற்காது. பத்துப் பேருக்கு ஒரே ஃபைல் என்றாலும் உங்கள் அப்லோடில் ஒரே ஒரு முறைதான் போகும்.

டேட்டா வரம்பு

பிளான் பெயரில் வரம்பில்லாதது என்று இருந்தாலும் சின்ன எழுத்தில் படியுங்கள், ஒரு அளவைத் தாண்டியதும் வேகத்தை இறக்கிவிடுவார்கள். பல பிளான்களில் நள்ளிரவுக்கு மேல் தனி டேட்டா உண்டு அல்லது அந்த நேரம் கணக்கில் வராது. ஆர்குளோனில் நேரத்துக்கு ஏற்ப வேகம் வைக்கலாம், பகலில் 256 கேபிபிஎஸ், ராத்திரி ஒரு மணிக்கு மேல் முழு வேகம் என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விண்டோஸில் இந்த இணைப்பை மீட்டர்டு (அளந்து பயன்படுத்த வேண்டியது) என்று குறித்துவிடுங்கள், அப்டேட்டை அடுத்தவர்களுக்கு விநியோகிக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனை அணையுங்கள், எல்லோருடைய போனிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள். ஒரு கப்பலில் ராத்திரி முழுக்க ஃபைல் போகவில்லை என்று தேடிக்கொண்டே போனால், மாலுமி ஒருவரின் போன் துறைமுகத்தில் எடுத்த 4கே வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாது, பாவம்.

தாழ்வட்டப் பாதை வந்த பிறகு

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 500, 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, யூடெல்சாட் ஒன்வெப் 1,200-ல். 0.6 நொடி என்பது ஸ்டார்லிங்க்கில் 30, 40 மில்லிநொடி ஆகிவிடுகிறது, மேலே எழுதிய காத்திருப்புப் புலம்பலில் பெரும்பகுதி இங்கே பொருந்தாது. இலங்கையில் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை தொடங்கியது, இந்தியாவில் அதே ஆண்டு ஜூனில் அதற்கு உரிமம் கிடைத்தது. வாய்ப்பிருந்தால் தயங்காமல் மாறுங்கள்.

ஆனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அப்லோடு இங்கேயும் டவுன்லோடில் சின்னப் பங்குதான். சொந்த ஐபிவி4 (பழைய முறை) முகவரி சாதாரண பிளானில் கிடையாது. ஸ்டார்லிங்க்கில் 15 நொடிக்கு ஒரு முறை எந்த டிஷ் எந்தச் செயற்கைக்கோளோடு பேச வேண்டும் என்று மறுபடி ஒதுக்குகிறார்கள், அந்த மாற்றத்தில் தாமதம் துள்ளும், சில பாக்கெட் விழும், கியூபிக் அதை நெரிசல் என்று நினைத்துக் குறையும். பிபிஆர் இங்கேயும் உதவுகிறது, நான்கு இணைப்பு இங்கேயும் உதவுகிறது. தென்னை மரம் ஒன்று டிஷ்ஷின் பார்வையில் குறுக்கே நின்றால் சில நிமிடத்துக்கு ஒரு முறை ஓரிரு நொடி அறுந்துகொண்டே இருக்கும். வீடியோ பார்க்கும்போது தெரியாது, பெரிய அப்லோடில் தெரியும். டிஷ் வைக்கும் முன் அதன் ஆப்பில் போனை வானத்துக்குக் காட்டித் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், ஹார்ட் டிஸ்க்கே ஜெயிக்கலாம்

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கப்பலில் போகிறவரிடம் கொடுத்தனுப்பினால், 72 மணி நேரத்தில் 1 டி.பி., வகுத்துப் பாருங்கள், 31 எம்பிபிஎஸ். 2017-ல் அந்தத் தீவில் எந்தக் கடையிலும் அந்த அப்லோடு கிடையாது. ஸ்டுடியோ கடைசியில் இதையே வழக்கமாக்கிக்கொண்டது: தேர்வுக்கான சின்னப் படங்கள் ஜிப்பாக சாட்டிலைட்டில், அச்சுக்கான அசல் படங்களும் வீடியோவும் டிஸ்க்கில்.

உங்கள் ஃபைலின் அளவை உண்மையான அப்லோடு வேகத்தால் வகுங்கள், மழைக்கும் வரம்புக்கும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸோ படகோ கூரியரோ அதற்குள் போய்ச் சேரும் என்றால் டிஸ்க்கை எடுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பாமல் இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். டிஸ்க் கிளம்பும் முன் எல்லா ஃபைலின் பெயரையும் ஷா-256 எண்ணையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, சில கே.பி.தான் இருக்கும், அதைச் சாட்டிலைட்டில் முதலில் அனுப்பிவிடுங்கள். டிஸ்க் போய்ச் சேர்ந்த அன்று அவர்கள் சரிபார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று பதில் போட்ட பிறகுதான் உங்கள் பக்கத்துக் காப்பியை அழிக்க வேண்டும்.